ஏ2 படிவத்தின் வழியே நியூயார்க்

இருங்காட்டுக்கோட்டையில் ஏறி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் சுற்றிக்கொண்டு ஒரகடம் கூட்டுரோடு வரை கம்பெனி பஸ்ஸில் போனால், ஜன்னலில் வரிசையாக வரும் பெயர்ப்பலகைகளில் பலவற்றுக்குச் சொந்தச் சந்தை வேறு நாட்டில் இருக்கிறது. ஹூண்டாய், சாம்சங் பங்குகள் கைமாறுவது சியோலில். ஃபாக்ஸ்கானின் தாய் நிறுவனமான ஹோன் ஹாய் தைபேயில். கண்ணாடி செய்யும் செயின்ட் கோபைன் பாரிசில். ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி செய்யும் டைம்லர் டிரக், 2021 டிசம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் சந்தையில் தனிப் பங்காக வந்தது. கொமாட்சு டோக்கியோவில். ரெனோ-நிசான் ஆலை பாரிசும் டோக்கியோவும் கூடிக் கட்டியது. 2025-இல் முழுக்க ரெனோ கைக்கு வந்துவிட்டது. இந்த வரிசையில் ராயல் என்ஃபீல்டு மாதிரி சிலவற்றுக்குத்தான் மும்பை முகவரி.

அதனால் ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஒரு வரி ஆலோசகரிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “சார், எங்க கம்பெனி ஷேரை அங்கேயே வாங்க முடியுமா?”

அவர் பல ஆண்டுகள் ஓர் அரசு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு வருமான வரி வேலைக்கு வந்தவர். வட்டாரத்தில் எல்லோருக்கும் ‘பேங்க் சார்’. கவுன்டருக்கு உள்ளேயும் வெளியேயும் உட்கார்ந்தவர் என்பதால், ஒரு கிளை எதற்காக ‘முடியாது’ என்று சொல்கிறது என்பது அவருக்குத் தெரியும். சட்டம் முடியாது என்கிறதா, அல்லது அந்தக் கிளையில் இதைச் செய்து பழக்கமில்லையா என்று பிரித்துச் சொல்வதுதான் அவர் தொழிலில் பாதி.

வாங்க முடியும் என்பதுதான் பதில். ஃபெரா என்ற பழைய அந்நியச் செலாவணிச் சட்டம் இருந்த காலத்தில் சாதாரண ஆள் அனுமதியில்லாமல் வெளிநாட்டில் கணக்கு வைத்திருந்தாலே குற்றம். அதற்குப் பதிலாக ஃபெமா சட்டம் வந்து, 2004 பிப்ரவரி 4 அன்று ரிசர்வ் வங்கி எல்ஆர்எஸ் என்கிற தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தைத் திறந்தது. அப்போது ஆளுக்கு ஆண்டுக்கு 25,000 டாலர். அது 2007-க்குள் 2 லட்சமாக ஏறியது. 2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்தபோது ஒரே இரவில் 75,000-க்கு வெட்டினார்கள். 2015 முதல் 2,50,000 டாலர். ஒரு லைன் ஆபரேட்டரோ, ஒரு ஷிஃப்ட் இன்ஜினீயரோ இந்த வரம்பைத் தொடப்போவதில்லை. அவர்களுக்குத் தடை வருவது வேறு இடத்தில்.

முதல் தடை சந்தையே. ‘வெளிநாட்டு ஷேர்’ என்று செல்போன் செயலிகள் விற்பதெல்லாம் அமெரிக்கச் சந்தை. ஆனால் இந்த வட்டாரத்துக் கம்பெனிகள் பல அங்கே இல்லை. கொரியாவில் வெளிநாட்டவர் பங்கு வாங்க வேண்டுமென்றால், 1992 முதல் அங்கே முதலீட்டாளராகப் பதிந்து எண் வாங்க வேண்டியிருந்தது; அந்த விதி போனதே 2023 டிசம்பரில்தான். சாம்சங் எலெக்ட்ரானிக்சுக்கு லண்டனில் ஜிடிஆர் என்ற பங்குச் சான்று உண்டு. ஒரு ஜிடிஆர் 25 பங்குக்குச் சமம், அதனால் ஒன்று வாங்கவே ஆயிரம் டாலர் கணக்கில் பணம் வேண்டும். ஜப்பான் சந்தையில் ஒற்றைப் பங்கு பேச்சே கிடையாது, நூறு நூறாகத்தான் வாங்க வேண்டும். கொமாட்சுவில் ஒரு நூறுக்கு ரூபாயில் லட்சங்கள் ஆகும். பேங்க் சார் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காட்டுவார். வந்தவர் தாளைப் பார்ப்பார். பிறகு, “அப்ப ஆப்பிள் வாங்கிக்கலாமா சார்?” என்பார். ஃபாக்ஸ்கானில் ஐபோன் கோர்க்கிறவர்கள் நிறைந்த ஊரில் அதுவும் நியாயமான கேள்விதான்.

ஹூண்டாய்க்காரர்களின் கேள்வி 2024 அக்டோபரில் ஓய்ந்தது. ஹூண்டாய் மோட்டார் இந்தியா 27,870 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. இந்தியாவில் அதுவரை வந்த ஐபிஓக்களில் அதுவே பெரியது. விலை 1,960 ரூபாய். ஊழியர்களுக்குத் தனி ஒதுக்கீடும் பங்குக்கு 186 ரூபாய் தள்ளுபடியும். டீமேட் கணக்கு என்றால் என்னவென்று அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் பேங்க் சாரின் அலுவலகத்தில் வரிசை கட்டினார்கள். அக்டோபர் 22 அன்று பட்டியலான நாளிலேயே விலை ஏழு சதவீதம் அளவுக்கு இறங்கியது. தள்ளுபடியில் வாங்கியவர்கள் அதில் கையைச் சுட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சம்பளமும் சேமிப்பும் ஒரே கம்பெனியில் இருக்கக் கூடாது என்பது முதலீட்டு ஆலோசகர்களின் வாய்ப்பாடு. பேங்க் சார் அதை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. அவர் காட்டுவது நோக்கியாவை. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கி, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த ஆலை அது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது, வரி வழக்கால் இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. ஆர்டர் நின்றது. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. ஆனால் ஹெல்சிங்கி சந்தையில் கதை வேறு. 2012-இல் 2 யூரோவுக்கும் கீழே கிடந்த நோக்கியா பங்கு, ஆலை மூடிய மாதத்தில் 6 யூரோவுக்கு மேல். ஆலையைக் கழற்றிவிட்ட கம்பெனியை சந்தை கை தட்டி வரவேற்றது. அந்தப் பங்கு நியூயார்க்கிலும் கிடைத்தது, எல்ஆர்எஸ்ஸும் அப்போது இருந்தது. வேலை போனவனுக்கு அந்தப் பங்கு கையில் இருந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும் என்பது அவர் வாதம். தாய் நிறுவனத்தின் பங்கும் ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் ஒரே பொருள் அல்ல என்று அவர் சொல்வது சரிதான். என்றாலும் எல்லாத் தாய் நிறுவனங்களும் நோக்கியா மாதிரி மீண்டு எழுவதில்லை என்பதையும் சேர்த்துத்தான் இதைக் கேட்க வேண்டும்.

இனி கணக்கு திறப்பது. செயலியில் பான், ஆதார், ஒரு செல்ஃபி, சில கேள்விகள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இங்கே தெரியும் செயலி பெரும்பாலும் முகவர்தான். பின்னால் அமெரிக்காவில் பதிவான ஒரு புரோக்கர் இருப்பார், பங்கு அவரிடம்தான் கிடக்கும். அந்த புரோக்கர் கவிழ்ந்தால் எஸ்ஐபிசி என்ற அமைப்பின் காப்பு 5 லட்சம் டாலர் வரை, அதில் ரொக்கத்துக்கு இரண்டரை லட்சம். விலை விழுந்து போன பணத்துக்கு எந்தக் காப்பும் இல்லை. எந்த புரோக்கர், கணக்கு எண் என்ன என்பதைச் செயலிக்குள் தேடி எடுத்துத் தனியாக எழுதி வைக்கச் சொல்வது அவரது முதல் பாடம். அநேகம் பேர் செயலியின் பெயரையே புரோக்கர் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து டபிள்யூ-8பென் படிவம். ‘நான் அமெரிக்கன் இல்லை’ என்கிற அறிவிப்பு. இதைக் கொடுத்தால் டிவிடெண்டில் இந்திய-அமெரிக்க ஒப்பந்தப்படி 25 சதவீதம் பிடிப்பார்கள், கொடுக்காவிட்டால் 30. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்று காலண்டர் ஆண்டுகள் முடியும் வரை செல்லும். விற்ற லாபத்தில் அமெரிக்கா கை வைக்காது. அதை இந்தியா பார்த்துக்கொள்ளும்.

இந்த இடம் வரை யாரும் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் பெயரில் ஆரம்பிக்கிறது, அதுவும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய தடுமாற்றம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் உண்டு. சம்பளக் கணக்கில் ‘ஆர். குமார்’. பான் கார்டில் இனிஷியல் செல்லாது, கடைசிப் பெயர் கேட்கும், எனவே ‘குமார் ராமசாமி’. பாஸ்போர்ட்டில் முன்பின் மாறி ‘ராமசாமி குமார்’. புரோக்கர் பான்படி கணக்கு திறக்கிறார். பணமோ ‘ஆர். குமார்’ பெயரில் கடல் தாண்டிப் போகிறது. மூன்றாம் நபர் அனுப்பிய பணத்தை புரோக்கர் ஏற்கக் கூடாது என்பது விதி. ஆர். குமாரும் குமார் ராமசாமியும் ஒரே ஆள் என்று நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? பணம் நிற்கும், சில நேரம் அனுப்பும் கட்டணத்தை விழுங்கிவிட்டுத் திரும்பியே வரும். அதனால் பணம் அனுப்புவதற்கு முன்பே வங்கிக் கணக்கில் பெயரைப் பான்படி மாற்றச் சொல்லிவிடுவார் பேங்க் சார். அந்த மாற்றத்துக்குக் கிளையில் ஆகும் நேரத்தில் ஆப்பிள் பங்கு என்னவெல்லாமோ ஆகியிருக்கும், அது வேறு கதை.

பிறகு ஏ2 படிவம். வெளிநாட்டுக்குப் பணம் போக வேண்டுமென்றால் இதுதான் வாசல். பெயர், பான், தொகை, யாருக்கு, எதற்கு, இந்த நிதியாண்டில் இதற்கு முன் எவ்வளவு அனுப்பினீர்கள். ‘எதற்கு’ என்பதற்குக் குறியீடு உண்டு. பங்கு வாங்க எஸ்0001. வெளிநாட்டு வங்கியில் கணக்கு திறக்க எஸ்0023. தப்பான குறியீட்டில் போன பணம் போய்ச் சேர்ந்துவிடும். பின்னாளில் வரித் துறை கேட்கும்போதுதான் வம்பு. படிவத்தைவிட முக்கியமானது ஸ்விஃப்ட் செய்தியில் போகும் ஒரு வரி. பணம் முதலில் போவது புரோக்கரின் வங்கிக் கணக்குக்கு. அங்கே ஆயிரக்கணக்கானோர் பணம் வந்து விழும். ‘மேல் வரவு இன்னார் கணக்குக்கு’ என்று புரோக்கர் கொடுத்த எண்ணைக் குறிப்புப் பகுதியில் எழுதாவிட்டால், அந்தக் கூட்டத்தில் நம் பணத்துக்கு முகவரியே இருக்காது. பெறுபவர் கணக்கு எண்ணைக் கவனமாக அடிக்கும் கிளை எழுத்தர், குறிப்புப் பகுதியைக் காலியாக விடுவது சகஜம். தட்டச்சு முடிந்து அதிகாரி அனுமதிக்கும் முன்பு ஒரு பிரதி கேட்டு வாங்கி, விரல் வைத்து அந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பார் அவர்.

செலவையும் சொல்லிவிட வேண்டும். வங்கிக் கட்டணம் ஒன்று. டாலர் விற்கும் விலையில் வங்கி வைக்கும் மார்ஜின் இரண்டு. இது ரசீதில் தெரியாது. ஜிஎஸ்டி மூன்று, லட்சம் ரூபாய்க்கு 180 என்ற அளவில். வழியில் இடைவங்கி கழித்துக்கொள்வது நான்காவது. மாதம் 100 டாலர் அனுப்பி ‘எஸ்ஐபி’ மாதிரி சேர்க்கலாம் என்று வருகிறவரிடம், ஆண்டுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ சேர்த்து அனுப்பச் சொல்வார். சிறு தொகையில் பத்து, பதினைந்து சதவீதம் வழியிலேயே போய்விடும்.

கிளைகள் ‘முடியாது’ என்பதற்குச் சில நியாயமான காரணங்களும் உண்டு. கணக்கு அந்த வங்கியில் ஓராண்டாவது இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய ஸ்டேட்மென்ட், வரிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். இந்த வட்டாரத்தில் கம்பெனி மாறினால் சம்பளக் கணக்கும் மாறும் என்பதால் இளைஞர்கள் பலர் இதில் மாட்டுகிறார்கள். இன்னொன்று, இதற்காக வங்கி கடன் தரக் கூடாது. பர்சனல் லோன் விழுந்த மறுநாள் அதே தொகைக்கு ஏ2 நீட்டினால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டார். போடவும் கூடாது.

பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் டிசிஎஸ் வரி விஷயத்தில்தான் வதந்தி அதிகம். ‘இருபது சதவீதம் பிடிச்சுக்கிறாங்களாமே’ என்று பயந்து திரும்பிப் போனவர்கள் உண்டு. முதலீட்டுக்கு அனுப்புவதில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை ஒன்றும் பிடிக்க மாட்டார்கள்; 2025 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 7 லட்சம். 12 லட்சம் அனுப்பினால் மேலே உள்ள 2 லட்சத்தில் 20 சதவீதம், அதாவது 40,000 ரூபாய். அதுவும் போன பணமில்லை, வரியில் கழியும். 2024 அக்டோபரிலிருந்து 12பிஏஏ படிவத்தைக் கம்பெனியில் கொடுத்தால் சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்ஸையே அந்த அளவுக்குக் குறைக்கலாம். எச்ஆர் பிரிவில் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

“வாங்கி வைக்கிறதுக்கு இல்ல சார், டிரேட் பண்ணத்தான்” என்று சொல்லும் இளைஞர்களிடம் பேங்க் சாரின் குரல் மாறிவிடும். நியூயார்க் சந்தை கோடையில் நம் நேரப்படி மாலை 7 மணிக்கும் குளிர்காலத்தில் 8 மணிக்கும் திறக்கிறது. முதல் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு உட்காரத் தோதான நேரம். ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் எல்ஆர்எஸ் பணத்தை வெளிநாட்டுச் சந்தையில் மார்ஜினாகக் கட்டக் கூடாது, மார்ஜின் கால் வந்தால் அதற்கும் அனுப்பக் கூடாது, வெளிநாட்டில் கரன்சி வர்த்தகம் செய்யக் கூடாது. முழுக் காசு கொடுத்துப் பங்கு வாங்கலாம், விற்கலாம். அதிலும் 2024 மே 28 முதல் அமெரிக்காவில் விற்ற பணம் மறுநாள்தான் தீர்வாகிறது. அன்றைக்கே அதை வைத்து உருட்டினால் புரோக்கர் கணக்கை முடக்குவார். ‘ஐந்நூறு மடங்கு லீவரேஜ்’ என்று டெலிகிராமில் ஆசை காட்டும் செயலிகள் இந்த விதிகளுக்கு அப்பால் நிற்பவை. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அங்கீகாரமில்லாத கரன்சி வர்த்தகத் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை 34 பெயர்களோடு வெளியிட்டது. பின்னர் அது இரு மடங்குக்கு மேல் நீண்டது. ஏமாந்தவன் புகார் கொடுக்கப் போனால், சட்டத்துக்கு வெளியே பணம் அனுப்பியது எப்படி என்ற கேள்வி அவன் பக்கமே திரும்பும்.

கணக்கே திறக்காமல் ‘வெளிநாட்டுச் சந்தை லாபம்’ தேடியவர்களின் நிலைமை இன்னும் மோசம். காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட எல்என்எஸ் இன்டர்நேஷனல் ஃபைனான்சியல் சர்வீசஸ், மாதாமாதம் பெரிய வட்டி தருவதாகச் சொல்லி வடதமிழகம் முழுக்கப் பணம் திரட்டியது. ஊருக்கு ஊர் முகவர்கள். 2022-இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தபோது, விவகாரம் ஆயிரக்கணக்கான கோடி என்று தெரிந்தது. முதலீட்டாளர் பெயரில் எங்கேயும் ஒரு பங்குக் கணக்கு இல்லை. ஆகவே பேங்க் சார் வைக்கும் சோதனை ஒன்றுதான். கணக்கு உன் பெயரில் இருக்கிறதா, உன் வங்கியிலிருந்து உன் ஏ2-வில் பணம் போனதா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வார்.

வெளிநாட்டு வங்கிக் கணக்கு வேறு ரகம். இங்கே இருந்தபடியே சிங்கப்பூரிலோ லண்டனிலோ வங்கிக் கணக்கு திறப்பதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. அங்குள்ள வங்கிதான் நேரில் வா, உள்ளூர் முகவரி காட்டு என்று தட்டிக் கழிக்கும். பங்கு வாங்க அது தேவையும் இல்லை. சென்னைப் பக்கம் ஷின்ஹான், வூரி போன்ற கொரிய வங்கிகளுக்குக் கிளைகள் உண்டு. அங்கே கணக்கு திறந்தால் சியோலில் திறந்த மாதிரி என்று நம்பி வருகிறவர்களும் உண்டு. அது ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் ரூபாய்க் கணக்கு, அவ்வளவே.

நிஜமான வெளிநாட்டுக் கணக்கு வைத்திருப்பவர்கள் டெபுடேஷன் போய் வந்த இன்ஜினீயர்கள். ஸ்டுட்கார்ட்டில் இரண்டு ஆண்டு, உல்சானில் மூன்று ஆண்டு என்று போனவர்கள் அங்கே சம்பளக் கணக்கு திறந்திருப்பார்கள். திரும்பியதும் அதை மூடியாக வேண்டும் என்று பயந்து வருவார்கள். ஃபெமாவின் 6(4) பிரிவுப்படி, வெளிநாட்டில் குடியிருந்தபோது சேர்த்த பணத்தையும் பங்கையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். வேண்டுமானால் இங்கே ஆர்எஃப்சி கணக்கு திறந்து அந்நியச் செலாவணியாகவே கொண்டுவரலாம். எல்ஆர்எஸ் வரம்பு அதற்குப் பொருந்தாது. சட்டம் இவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளும் இடம் குறைவு. தெரியாமல் அவசரத்தில் மூடிவிட்டு வந்தவர்கள்தான் அதிகம்.

ஜூலை வந்தால் அலுவலகத்தில் நிற்க இடமிருக்காது. வெளிநாட்டில் ஒரே ஒரு பங்கு இருந்தாலும் ஐடிஆர்-1 செல்லாது. ஐடிஆர்-2 எடுத்து, ஷெட்யூல் எஃப்ஏ நிரப்ப வேண்டும். இந்த அட்டவணைக்கு மட்டும் கணக்கு நிதியாண்டில் இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரை. வாங்கிய மதிப்பு, ஆண்டில் தொட்ட உச்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு, வந்த டிவிடெண்ட், விற்ற தொகை என எல்லாவற்றையும் ஸ்டேட் வங்கியின் டிடி (TT) வாங்கும் விலையில் ரூபாயாக மாற்ற வேண்டும். லாபம் வந்ததா என்று அட்டவணை கேட்பதில்லை, இருந்ததா என்றுதான் கேட்கிறது. அமெரிக்காவில் டிவிடெண்டில் பிடித்த 25 சதவீதத்தை இங்கே கழிக்க ஃபார்ம் 67 தனி. 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்ற லாபத்துக்கு, 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம் வரி.

இதில் அகப்படுபவர்கள் யாரென்றால், ஒரு ரூபாய்கூட வெளியே அனுப்பாதவர்கள். அமெரிக்கத் தாய் நிறுவனம் போனஸ் மாதிரி ஆர்எஸ்யூ என்ற ஊழியர் பங்குகளைக் கொடுத்திருக்கும். அவை அமெரிக்க புரோக்கர் கணக்கில் தானாக விழுந்துகொண்டிருக்கும். ‘கம்பெனி குடுத்தது, வரியும் சம்பளத்துல புடிச்சாச்சு, இதுல நான் என்ன காட்டணும்?’ என்பார்கள். 2024 நவம்பரில் வரித் துறை, அயல்நாடுகள் தானாக அனுப்பும் கணக்கு விவரங்களை வைத்து, வெளிநாட்டுச் சொத்து இருந்தும் காட்டாதவர்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியது. அந்தச் செய்தி கைபேசியில் வந்த பிறகே, தமக்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு இருக்கிறது என்பதே சிலருக்கு உறைத்தது. கறுப்புப் பணச் சட்டத்தில் காட்டாமல் விட்டதற்கு அபராதம் 10 லட்சம் ரூபாய். 2024 அக்டோபர் 1 முதல், வீடு நிலம் நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. ஆனாலும் காட்ட வேண்டிய கடமை போய்விடவில்லை.

கொஞ்சம் பெரிய கணக்கு வைத்திருப்பவர்களிடம் பேங்க் சார் இன்னொன்றும் சொல்வார். அமெரிக்கர் அல்லாதவர் இறந்துபோனால், அவர் பெயரில் உள்ள அமெரிக்கப் பங்குகள் 60,000 டாலரைத் தாண்டினால், அமெரிக்காவில் மரணச் சொத்து வரி வரும். 40 சதவீதம் வரை போகும். வாரிசுகள் ஒன்பது மாதத்துக்குள் 706-என்ஏ படிவம் கொடுக்க வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஆர்எஸ்யூ சேர்ந்துகொண்டே போகும் நாற்பது வயது மேனேஜர்களுக்கு அந்தத் தொகை வெகு தூரத்தில் இல்லை. அயர்லாந்தில் பதிவாகி லண்டன் சந்தையில் விற்கும் இடிஎஃப்கள் அமெரிக்கக் குறியீட்டையே பின்தொடர்ந்தாலும், அமெரிக்கச் சொத்தாகக் கணக்கில் வராது. எனவே சிலர் அந்தப் பக்கம் மாறுகிறார்கள். அதற்கு ஏற்கெனவே உள்ள செயலி உதவுவது அரிது; லண்டன் சந்தைக்கு வழியுள்ள வேறு புரோக்கரிடம் கணக்கு திறந்து, மறுபடி பெயர் சரிபார்த்து, மறுபடி ஏ2 எழுத வேண்டும். ஷெட்யூல் எஃப்ஏவில் அந்த ஆண்டிலிருந்து அயர்லாந்துக்கும் ஒரு வரிசை கூடும்.